பாதி வரை கறுத்த தாள்

எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு மேசைதான் இருந்தது. அதில் உட்கார்ந்து யாரும் எழுத முடியாது. எப்போதும் பொம்மைகள் இருக்கும்.

விருத்தாசலத்தில் எங்கள் தெருப் பக்கம் வந்தால் பல வீடுகளில் இதைப் பார்க்கலாம். பீங்கான் கம்பெனியில் சுட்டு எடுத்த வெள்ளைப் பொம்மைகளைத் தட்டுத் தட்டாக வீடுகளுக்குக் கொடுத்து அனுப்புவார்கள். பெண்கள் வண்ணம் தீட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் யானை, முயல், கிளி. என் மனைவி செய்வது அந்த வேலை. நான் இருப்பது வேறு கம்பெனி. அங்கே பொம்மை கிடையாது. பியூஸ் கட்டைகளைப் பளபளப்புக்கான கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்து, சூளைக்குப் போகும் தட்டில் அடுக்குவேன். உங்கள் வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கட்டை இருந்தால், அது என் கை பட்டதாகவும் இருக்கலாம்.

நான் எட்டாவது வரை படித்தவன். பரீட்சை எழுதுகிற வயதில் இருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் மகளுக்கு நடந்தது இது. புத்திமதி என்று சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பொம்மைக்குக் கண் வைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்குப் புரியாது.

பொம்மை முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு குழி இருக்கும். அந்தக் குழியைக் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். விளிம்பைத் தாண்டினால் மூஞ்சியில் மை ஈஷிக்கொள்ளும். உள்ளே கொஞ்சம் வெள்ளை விட்டுப்போனால் பூ விழுந்த கண் மாதிரி தெரியும். இரண்டையும் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒரு பொம்மைக்குக் கண், வாய், காது எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்த பொம்மையை எடுக்கக் கூடாது. தட்டில் இருக்கும் அத்தனைக்கும் கறுப்பை முடிக்க வேண்டும். பிறகு பிரஷைக் கழுவி, அத்தனைக்கும் சிவப்பு. இடையில் மாற்றினால் வண்ணம் வண்ணத்தோடு கலந்து தட்டே நாசமாகிவிடும்.

"ஒரு கலர முடிச்சிட்டுத்தான் அடுத்த கலரு" என்பாள் என் மனைவி. என் மகள் சின்ன வயதிலிருந்து லீவு நாட்களில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்த வேலையைப் பழகினாள். சீக்கிரமே அம்மாவைவிட அவள் வைத்த கண் நன்றாக இருந்தது. அவள் வைத்த முயல் நம்மையே பார்க்கும்.

மகள் படித்தது நான் படித்த அதே நடுநிலைப் பள்ளி. எட்டாவதோடு அங்கே படிப்பு முடிந்துவிடும். அவள் எட்டாவதுக்குப் போன வருஷம் பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பேசினார் தலைமை ஆசிரியை.

"மாவட்டம் முழுக்க எட்டாவது பசங்களுக்கு ஒரே கேள்வித்தாளு வருதுங்க. நல்லா எழுதுற பசங்கள ஒம்பதாவதுலேர்ந்து தங்கிப் படிக்கிற ஸ்கூலுக்கு எடுத்துக்கிறாங்க. சாப்பாடு, ஹாஸ்டலு, லேப்பு எல்லாம் கவர்மெண்டே பாத்துக்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எந்த ஸ்கூலு என்ன மார்க்குன்னு வரிசையும் போடுறாங்க. போன வருஷம் நம்ம ஸ்கூலு ஒன்றியத்துலயே கடைசி. மீட்டிங்குல என்ன எழுப்பி நிக்க வெச்சாங்க. இத்தன வருஷ சர்வீஸ்ல அன்னைக்குத்தான் நின்னேன்."

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சொன்னாள். "எங்க புள்ளைங்க தெனமும்தான் நிக்கிதுங்க, டீச்சர்."

எல்லாரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து, "இந்த வருஷம் நிக்க மாட்டேன். இவ இருக்கா" என்றார். எனக்கு அந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மகள் பேசியது அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றியோ லேபைப் பற்றியோ இல்லை.

"அங்க ஒவ்வொருத்தருக்கும் தனி மேச இருக்குதாம்பா. டிராயரு வெச்ச மேச."

"டிராயருல என்னாத்தடி வெப்ப?" என்று கேட்டாள் அம்மா, யானைக்குக் கண் வைத்துக்கொண்டே.

"ஒண்ணும் வெக்க மாட்டேன். சும்மா வுட்டுடுவேன்."

"ஒண்ணும் வெக்காததுக்கு டிராயரு கேக்குது பாரு இது."

"நம்ம வூட்ல சும்மா கெடக்குற எடமே இல்லியேம்மா."

உண்மைதான். படுக்கிற இடத்தைத் தவிர எங்கள் வீட்டில் எல்லா இடத்திலும் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும். அவள் மடியில் அட்டையை வைத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதினாள். அதற்கு முன்னால் ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. அந்த மேசை அவள் மனதில் எவ்வளவு நாளாக இருந்தது என்று எனக்குத் தெரியாது.

கம்பெனியிலும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கம்மாபுரத்திலிருந்து பைக்கில் வேலைக்கு வரும் கூட்டாளி ஒருவன் உண்டு. என்னை மாமா என்பான். "என்னா மாமா, பாப்பா ஹாஸ்டலு போயிட்டா ஒன் சட்டைய யாரு தொவைக்கிறது?" என்றான்.

"இப்பயும் நாந்தான் தொவைக்கிறேன்."

"அத சொல்லு. அதான் வெள்ள வெள்ளையா திட்டுத்திட்டா இருக்குது."

பிறகு அவனே வந்து, "படிக்கட்டும் மாமா. எவனாவது ஒருத்தன் இங்கேர்ந்து போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மகள் படித்தாள். காலையில் நாங்கள் எழும்போது அவள் வாசற்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அவள் வகுப்புத் தோழி ஒருத்தி பக்கத்துத் தெருவிலிருந்து வருவாள். பின்னம் அவளுக்குப் புரியாது. என் மகள் தட்டில் இருக்கும் முயல்களைக் காட்டி, இதில் பாதி, பாதியில் பாதி என்று சொல்லிக்கொடுப்பாள். "தொடாதீங்கடி, ஈரம்" என்று என் மனைவி கத்துவாள்.

அந்தத் தேர்வில் பதில் எழுத வேண்டியதில்லை. ஒரு கேள்விக்கு நான்கு பதில் கொடுத்திருப்பார்கள். சரியானது எதுவோ, அதற்குரிய வட்டத்தை விடைத்தாளில் பேனாவால் நிரப்ப வேண்டும். அந்தத் தாளை மிஷின்தான் திருத்தும். வட்டத்தைத் தாண்டினால் மிஷின் எடுக்காது, அரைகுறையாக நிரப்பினாலும் எடுக்காது, நிரப்பியதை அழிக்கவும் முடியாது என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். மகள் வீட்டில் வந்து சிரித்தாள். "அம்மா சொல்றதத்தான் டீச்சரும் சொல்றாங்க. ஈஷக் கூடாது, வெள்ள வுடக் கூடாது."

பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை அந்த மாதிரித் தாளை ஜெராக்ஸ் எடுத்து வந்து பழக்கினார்கள். கொஞ்சம் கேள்விகள்தான். நேரம் எதுவும் வைக்கவில்லை. முடித்ததும் டீச்சர் என் மகளுடைய தாளைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினாராம். "அச்சுல அடிச்ச மாதிரி இருக்குது பாருங்க. இப்புடித்தான் ரொப்பணும்." வீட்டுக்கு ஓடி வந்து சொன்னாள். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "பின்ன? யாரு கிட்ட பழகுன கை?" என்றாள்.

தேர்வு ரயில்வே ஜங்ஷன் பக்கம் வேறொரு பள்ளியில் நடந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு நானே அழைத்துப் போனேன். அவள் உள்ளே போனதும் எதிரில் இருந்த டீக்கடையில் நின்றேன். என்னைப் போலவே நிறைய பேர் நின்றார்கள். திட்டக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் தன் பையனை அழைத்து வந்திருந்தார். விவசாயி.

"ஒங்க பொண்ணு நல்லா படிக்குமா?" என்று கேட்டார்.

"படிக்குங்க."

"நம்ம பையன் சுமாருதான். ஆனா வெவரம். தெரியலன்னா யோசிக்கவே யோசிக்காத, மூணாவது வட்டத்த ரொப்பிட்டுப் போயிக்கிட்டே இருடான்னு அவன் சித்தப்பன் சொல்லிக் குடுத்திருக்கான்."

"எம் பொண்ணு அப்புடி ரொப்பாதுங்க" என்றேன். அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். அவளுடைய தோழி முதலில் வந்தாள். "கஷ்டம் மாமா, பாதி குத்துமதிப்புதான்" என்று சிரித்தாள். திட்டக்குடிக்காரர் பையனும் வந்து, அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்கள். என் மகள் கடைசியில் வந்தாள். கேள்வித்தாளை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் மை. அழவில்லை.

"எப்புடிம்மா இருந்துது?"

"எல்லாம் தெரிஞ்சிதுப்பா."

"அப்புறம் என்ன?"

"ரொப்ப முடியல."

எனக்குப் புரியவில்லை. வண்டியைக் கூட எடுக்காமல் அங்கேயே நின்று கேட்டேன். அவள் சொன்னாள். முதலில் எல்லாக் கேள்வியையும் படித்து, பதில் கண்டுபிடித்து, கேள்வித்தாளிலேயே டிக் போட்டிருக்கிறாள். கடைசிக் கேள்வி வரை. பிறகு ஒரு தடவை சரி பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் விடைத்தாளை எடுத்து முதல் வட்டத்திலிருந்து நிரப்ப ஆரம்பித்திருக்கிறாள். ஒவ்வொரு வட்டத்தையும் விளிம்பு தாண்டாமல், வெள்ளை விடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. பாதித் தாள் வந்தபோது மணி அடித்துவிட்டது. மேற்பார்வைக்கு நின்ற மிஸ் வந்து தாளை இழுத்திருக்கிறார்.

"ஒரு வட்டத்துல பேனா இருக்குறப்பவே இழுத்துட்டாங்கப்பா. கோடு நீளமா போயிடுச்சி."

"ஏம்மா, ஒண்ணு கண்டுபுடிச்சதும் அப்பவே ஒண்ணு ரொப்பியிருக்கலாம்ல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ தெரியாத விஷயத்தைக் கேட்டதுபோலப் பார்த்தாள்.

"ஒரு வேலைய முடிச்சிட்டுத்தானப்பா அடுத்த வேல?"

நான் வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அவள் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் என் மனைவி பிரஷைத் தண்ணீரில் போட்டாள். பிறகு மேசை மேலிருந்த தட்டுகளை எடுத்துக் கீழே வைக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் மேசையைத் துணியால் துடைத்தாள்.

மறுநாள் மகளோடு நானும் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் கேள்வித்தாளை வாங்கி, டிக் போட்ட பதில்களைச் சரி பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. சந்தோஷப்படுகிற முகம் மாதிரியும் இருந்தது, அடி வாங்குகிற முகம் மாதிரியும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு மூன்றுதான் தப்பு. மற்றதெல்லாம் சரி.

"ஒனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குதும்மா" என்றார்.

அந்தக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு கல்வி ஆபீஸுக்குப் போனேன். டீச்சரும் கூட வந்தார். அங்கே இருந்தவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். தாளைப் பொறுமையாகப் பார்த்தார்.

"மிஷினுக்கு வட்டம் மட்டுந்தாங்க தெரியும். ரொப்புனா உண்டு, ரொப்பலன்னா இல்ல."

"அதுக்கு எல்லாம் தெரியும் சார். இதுல பாருங்க."

"பாத்தேங்க. ஆனா கேள்வித்தாளுல வூட்டுக்குப் போயி கூட டிக் போடலாம் இல்லீங்களா? ஒங்க பொண்ணு அப்புடிப் போட்டுச்சுன்னு நான் சொல்லல. எல்லாரும் இதேமாரி எடுத்துட்டு வந்தா நான் என்ன பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எதிர்த்துப் பேச ஒரு அநியாயமாவது கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும். அதுவும் கிடைக்கவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தோம். படி இறங்கும்போது டீச்சர், "நேரம் வெச்சு ஒரு தடவ பழக்கியிருக்கணும்" என்றார். எனக்குச் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

ரிசல்ட் டீச்சருடைய போனுக்கு வந்தது. மகளுக்குப் பாதிக்கும் கீழே. அவள் நிரப்பிய வட்டம் ஒன்று கூடத் தப்பில்லை. நிரப்பாத வட்டம் எல்லாம் தெரியாதது என்று ஆகிவிட்டது. அவளுடைய தோழிக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் பள்ளி இந்தத் தடவையும் கடைசிக்குப் பக்கத்தில். பிறகு ஒருநாள் டீச்சரை மார்க்கெட்டில் பார்த்தேன். "இந்த வருஷமும் நின்னேங்க" என்றார், கீரைக்கட்டைப் பையில் வைத்துக்கொண்டே.

தோழி ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தாள். புதுப் பை மாட்டியிருந்தாள். நல்ல பெண் அவள். வந்ததும் என் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பின்னம் எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதான்டி. அதுலயே நாலு கேள்வி வந்துது" என்றாள். மகள் சிரித்தாள். ஆனால் அது அவள் சிரிப்பு இல்லை. தோழி தட்டைப் பார்த்து ஒரு முயலை எடுத்தாள்.

"இது நீ வெச்ச கண்ணுதான? என்னையே பாக்குது. இத நான் எடுத்துக்கட்டா? அங்க என் மேசையில வெச்சிக்கிறேன்."

என் மனைவி சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மகள் அந்த முயலை அவள் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்துவிட்டாள்.

"கம்பெனிக்குத் திருப்பிக் குடுக்கணும்டி. எண்ணித்தான் குடுத்திருக்காங்க."

வாஸ்தவம்தான். ஆனால் உடைந்தது போக ஒன்றிரண்டு குறைந்தால் கம்பெனியில் யாரும் கேட்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். தோழி சரி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் கம்பெனியில் பியூஸ் கட்டைகளைக் காய வைக்கும் பலகைகள் பழசாகிவிட்டால் ஓரமாகப் போட்டுவிடுவார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு இரண்டு பலகைகளை எடுத்து வந்தேன். தெரிந்த தச்சர் ஒருவர் கால் வைத்துக் கொடுத்தார். டிராயர் வைக்க வரவில்லை. பலகையில் வெள்ளைக் கறை இருந்தது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. ஜன்னல் பக்கம் போட்டு, "இது ஒனக்கு. இதுல யாரும் ஒண்ணும் வெக்கக் கூடாது" என்றேன்.

மகள் அதன் மேல் கையை வைத்துப் பார்த்தாள். "நல்லா இருக்குதுப்பா" என்றாள். இரண்டு நாள் அதில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் நான் வேலை முடிந்து வந்தபோது அதன் மேல் கிளிகள் காய்ந்துகொண்டிருந்தன. மனைவியிடம் சத்தம் போட்டேன்.

"நான் வெக்கலீங்க. அதுவேதான் வெச்சிது" என்றாள்.

மகள் மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். "அங்கதாம்பா வெளிச்சம் நல்லா இருக்குது. அம்மாவுக்குக் கண்ணு தெரியட்டும்" என்றாள்.

இப்போது அவள் எங்கள் ஊரிலேயே இருக்கும் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். கண் வைக்கிற வேலையை அவள் தொடுவதில்லை. அம்மா கேட்டால் சிவப்பு மட்டும் வைத்துக் கொடுப்பாள். கறுப்பை எடுக்க மாட்டாள். காலையில் வாசற்படியில் உட்காருவதும் நின்றுவிட்டது.

போன மாதம் அந்தப் பள்ளியிலும் அதே மாதிரி ஒரு தேர்வு வைத்தார்கள். நான்கு பதில், வட்டம், மிஷின். அன்று எனக்கு மதிய ஷிப்டு இல்லை. அழைத்து வரப் போயிருந்தேன். நேரம் முடிய இன்னும் நிறைய இருந்தது. வெளியே யாரும் வரவில்லை. அவள் மட்டும் தனியாக வந்தாள். விரலில் மை இல்லை.

எனக்குள் ஒரு ஆசை துளிர்த்தது. பிள்ளை சுதாரித்துக்கொண்டாள், வேகம் பழகிவிட்டாள் என்று நினைத்தேன்.

"எல்லாம் ரொப்பிட்டியாம்மா?"

"ரொப்பிட்டேன்."

"இவ்ளோ சீக்கிரமா? எல்லாக் கேள்வியும் படிச்சியா?"

"படிக்கல."

"அப்புறம் எப்புடி ரொப்புன?"

"எல்லாத்துக்கும் மூணாவது வட்டம்."

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நான் ஸ்டார்ட் செய்யாமல் பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே மற்ற பிள்ளைகள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகக் குனிந்த தலைகள் தெரிந்தன.

"போவலாம்பா" என்றாள்.

இந்தத் தடவை அவள் என் சட்டையைப் பிடிக்கவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.